கயிறு இல்லாத வெள்ளி நாணயம்

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே உடம்புக்கு எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உடம்புக்கு என்று ஏன் பிரித்து எழுதுகிறாள் என்று நினைப்பாய், சொல்கிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதம். முதலில் உன் இருமல். போனவாரம் போனில் பேசும்போது வாயை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினாய், கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாய், ஒன்றுமில்லாததற்கு யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. வெந்நீர் குடி. தலையைத் துவட்டாமல் வேலைக்கு ஓடாதே. இங்கே உன் அறைக் கூரையில் மாடி வீட்டுத் தொட்டி கசிந்து ஒரு ஈரத்திட்டு வந்திருக்கிறது, நாளுக்கு நாள் பெரிதாகிறது, மாடி வீட்டுக்காரரிடம் சொன்னால் எங்கள் வீட்டில் ஒன்றும் கசியவில்லையே என்கிறார், அவர் வீட்டில் எப்படிக் கசியும், அவர் மேலே இருக்கிறார். உன் புத்தகங்களைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். வேறு இடமில்லாமல் தையல் மெஷின் மேல் அடுக்கியிருக்கிறேன், அதனால் தைக்க முடியவில்லை, தைக்க மனமும் இல்லை. உன் அப்பாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மருந்து தடவ விடுவதில்லை. வெயிலில் நிற்கிறார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டில் போன் என்றால் உனக்குத் தெரியும், உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டு பாதிப் பேச்சை அவரே பேசிவிட்டு, நான் வாயைத் திறக்கும்போது சரி வை, அவளுக்கு வேலை இருக்கும் என்பார். வேலை இடத்திலிருந்து பேசலாம் என்றால் நாணயச்சாலையில் உள்ளே நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆனால் இதெல்லாம் சாக்கு. வாயால் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுதினால் நிறுத்த முடியாது. எழுதி முடித்ததும் தாள்களைப் படமெடுத்து அனுப்புகிறேன், நாளைக் காலை எங்கள் நாணயச்சாலையில் விசாரணை, அதற்குள் நீ படித்துவிட வேண்டும்.

வெள்ளி நாணய விஷயம். உனக்குத் தெரியாதது இல்லை, என்னைவிட உனக்குத்தான் அதிகம் தெரியும் என்று ஊரே சொல்கிறது. ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன், எனக்கே அது வரிசையாக வர வேண்டும். எழுச்சி நடந்து நாற்பது வருடம் ஆனதற்கு நினைவு நாணயம் போடுவது என்று முடிவானபோது எங்கள் நாணயச்சாலையில் எல்லாருக்கும் சந்தோஷம். பழைய படம் ஒன்றை வைத்து வரைந்தார்கள். ஒரு பக்கம் மாளிகையின் இரும்பு வாயில், இன்னொரு பக்கம் ஜனங்கள், நடுவில் வாயிலில் கட்டிய கயிறு. எல்லாரும் சேர்ந்து இழுக்கிறார்கள். அன்றைக்கு அந்த வாயில் விழுந்த பிறகுதான் நாட்டை ஆண்டுகொண்டு மாளிகையில் இருந்தவர் ஓடினார். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள், இரும்பு விழுந்த சத்தம் மட்டும் கேட்டேன். உன் அப்பா அப்போது லாரியில் கிளீனர். அந்தக் கயிறு அவர் லாரியில் சுமை கட்டுகிற கயிறு என்பது நீ பிறந்ததிலிருந்து கேட்டுச் சலித்த கதை. கயிற்றைப் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்கிற ஆட்கள் எல்லாரும் நிஜமாகவே பிடித்திருந்தால் அது கடற்கரை வரைக்கும் நீண்டிருக்க வேண்டும் என்று நீ ஒருமுறை சொல்லி, அவர் உன்னோடு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை.

மேலிடத்துக்குக் காட்டிய மாதிரி நாணயத்தில் கயிறு இருந்தது. விழாவில் கொடுத்ததிலும் இருந்தது. அதற்குப் பிறகு ஜனங்களுக்கு விற்றதில் பெரும்பாலானவற்றில் கயிறு இல்லை. கைகள் மட்டும் இருக்கின்றன. வாயிலை நோக்கி நீண்ட வெறும் கைகள். பேப்பரில் இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டபோது நானும்தான் பார்த்தேன், இழுக்கிற ஜனங்கள் பிச்சை கேட்கிற ஜனங்களாகிவிட்டார்கள். வேறெதுவும் மாறவில்லை. முகம் அதே முகம், கால் ஊன்றியிருப்பது அப்படியே. ஒரு நூல் போனதும் எல்லாம் கெஞ்சலாகிவிட்டது.

பேப்பர் வந்த மறுநாளே உன் அப்பாவும் அவருடைய பழைய கூட்டமும் எங்கள் நாணயச்சாலையின் முன்வாசலில் போய் நின்றார்கள். கையேந்தவில்லை, கயிறு இழுத்தோம் என்று அட்டையில் எழுதிப் பிடித்திருக்கிறார்கள். எழுதியது உன் அப்பா, அந்த ‘ழு’வைப் பார்த்தாலே தெரியும், வால் அடுத்த எழுத்தில் போய் இடிக்கும். அன்றிலிருந்து காலையில் இரண்டு டப்பாவில் சாப்பாடு கட்டுகிறேன், ஒன்று உள்ளே போகிறவளுக்கு, ஒன்று வெளியே நிற்கிறவருக்கு. நான் பின்வாசல் வழியாகப் போகிறேன். கூட்டமாக இருக்கிறது என்று அவரிடம் காரணம் சொன்னேன். பாலிஷ் அறையில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருக்கிற பெரியக்கா, வெளிய வீட்டுக்காரர் கத்தறாரு, உள்ள இவ தேய்க்கறா, சம்பளமும் போராட்டமும் ஒரே வீட்டுக்குப் போகுதுடி என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, அதுதான் ஆச்சரியம். ஜன்னல் வழியாக அவர்கள் கத்துவது கேட்கும், உன் அப்பாவின் குரல் தனியாகத் தெரியும், இரண்டாவது வார்த்தையில் கம்மும், இருமிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

லென்ஸ்காரரைப் பற்றி உனக்கு நான் சொன்னதில்லை, சொல்லியிருக்க வேண்டும். நாணய அச்சில் படம் வெட்டுகிறவர். எப்போதும் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே நடப்பார், அதனால் அந்தப் பெயர். நாணயத்தின் ஓரத்தில் வெட்டியவரின் முதல் எழுத்தைப் பொடியாகப் போடுவது எங்கள் நாணயச்சாலையின் வழக்கம். அதை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். பிறகு தோண்டியதில் அவருடைய அப்பா மாளிகை வாயிலில் காவல் நின்றவர் என்பது வெளியே வந்தது. உண்மைதான், நின்றவர்தான், யாராவது நிற்க வேண்டுமே. அது போதுமானதாக இருந்தது. அப்புறம் நீ எழுதினாய். அப்பன் வாசலைக் காத்தான், மகன் கயிற்றை அறுத்தான். நன்றாக எழுதுகிறாய், சிட்டு, அதை மறுக்க மாட்டேன், ஒருமுறை கேட்டால் மறக்காது. அவர் பெயரைப் போட்டு, அவருடைய அப்பா உடுப்பில் நிற்கிற பழைய படத்தையும் போட்டிருந்தாய். எங்கள் சூப்பர்வைசர் சாப்பாட்டு நேரத்தில் வெளியே கூப்பிட்டு அவர் போனில் காட்டினார். உங்க பொண்ணு போட்டதுதான் இப்ப எல்லார் போன்லயும் ஓடுது, என்னமா எழுதுது என்றார். பாராட்டா குத்தலா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. உன் அப்பா அதை அவருடைய கூட்டத்துக்கு வாசித்துக் காட்டி, என் பொண்ணு, என் பொண்ணு என்று குழந்தையைப் போல நடந்துகொண்டார்.

அந்த வாரம் நான் வேண்டுமென்றே பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற தெரு வழியாக வந்தேன். அங்கேதான் லென்ஸ்காரர் குடியிருக்கிறார். முன் ஜன்னலில் கண்ணாடி இல்லை, காலண்டர் அட்டையை வைத்து அடைத்திருந்தார்கள். அவருடைய மனைவி வாளியும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு வெளிச்சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பெயின்ட். பாதி போயிருந்தது. மீதி இருந்ததை வாசிக்க முடிந்தது, உன் வரிதான். முதலில் ‘மகன்’ என்பதைத்தான் அழித்திருக்கிறாள். தண்ணீரால் தேய்த்தால் அந்தப் பெயின்ட் போகாது, பரவத்தான் செய்யும், சொல்லலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். வேடிக்கை பார்க்க வந்த இன்னொருத்தி என்று நினைத்திருப்பாள். நான் நடந்துவிட்டேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். கயிற்றை எடுத்தது நான். வேறு யாரும் இல்லை. எங்கள் வேலை என்னவென்று நீ சரியாகக் கேட்டதே இல்லை, அம்மா நாணயம் தேய்க்கிறாள் என்று சின்ன வயதில் சொல்லிக்கொண்டு திரிந்தாய். நாணயத்தை நாங்கள் தொடுவதே இல்லை. அச்சைத்தான் தேய்க்கிறோம், நாணயத்தை அடிக்கிற அந்த எஃகு உருளையை. நாணயத்தில் மேடாக இருப்பது அதில் பள்ளமாக இருக்கும், இடம் வலம் மாறியிருக்கும். படத்தைச் சுற்றியிருக்கிற வெறும் இடம் கண்ணாடிபோல் மின்ன வேண்டும், அது எங்கள் பொறுப்பு. சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தது, படத்தைப் பார்க்காதே, வெறும் இடத்தைப் பார். படத்தைப் பார்த்தால் கை தயங்கும். சில நூறு நாணயம் அடித்ததும் அச்சு மங்கிவிடும், திரும்ப எங்களிடம் வரும், திரும்பத் தேய்ப்போம். தேய்க்கத் தேய்க்க மேல்பரப்பு ஒரு துளி இறங்கும், ஆழமாக வெட்டியதற்கு ஒன்றும் ஆகாது, மெல்லிசாக வெட்டியது இன்னும் மெலியும். கடைசியாக அச்சின் மேல் வாயால் ஊதுவோம். மூச்சின் ஆவி படிந்து மறையும்போது கீறல் எங்கேயாவது இருந்தால் அந்தக் கோட்டில் மட்டும் கொஞ்சம் தங்கும். அதை நாங்கள் முடி என்போம். முடி விழுந்திருக்கு என்றால் மறுபடி தேய்க்க வேண்டும். விழா நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் அச்சு என்னிடம் வந்து வந்து போயிற்று. கடைசி முறை ஊதியபோது கைகளுக்கும் வாயிலுக்கும் நடுவில் முடி தெரிந்தது. தொடர்ச்சியாகக்கூட இல்லை, அங்கங்கே துண்டு துண்டாக. முந்தின தேய்ப்பிலேயே கயிறு அவ்வளவு மெலிந்துவிட்டிருக்கிறது, அதை நான் கீறல் என்று எடுத்துக்கொண்டேன். பசை வைத்துத் தேய்த்தேன். ஊதினேன். சுத்தமாக மறைந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது, சிட்டு. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று பெரியக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பேப்பரில் படம் வந்தபோது என் இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், தேய்த்தவளுக்கு அந்த மினுக்கு தெரியும். அன்று முழுக்க வேலை செய்தேன், வீட்டுக்கு வந்தேன், உன் அப்பா அட்டைக்கு எழுத மார்க்கர் எங்கே என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் சூப்பர்வைசரிடம் ஜாடையாகப் பேச்செடுத்தேன். அவர் புரிந்துகொண்டார், முழுதும் சொல்லவிடவில்லை. உன்ன யாரும் கேக்கலையே, கேக்காத கேள்விக்கு ஏன் பதில் தேடற, போய் சீட்ல உக்காரு என்றார். கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைக்கிறார், தன்னையும் சேர்த்து. ஆழமாக வெட்டாதது வெட்டியவரின் பிழை என்று எழுதி முடித்துவிடுவார்கள், லென்ஸ்காரர் வேலையிலிருந்து போவார், வாசலில் நிற்கிறவர்கள் கலைந்து போவார்கள், கதை முடிந்தது. அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

நானும் அப்படியே இருந்திருப்பேனோ என்னவோ. வியாழக்கிழமை லென்ஸ்காரர் எங்கள் அறைக்கு வந்தார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மேசையைக் காலி செய்ய வந்திருக்கிறார். கண்ணில் பூதக்கண்ணாடி இல்லை, அது இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. அறையில் எல்லாரும் குனிந்துகொண்டோம். அவர் நேராக என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வெட்டியவருக்குத் தெரியாமல் இருக்குமா, அந்த நாணயத்தைப் பார்த்ததுமே இது வெட்டில் போனது இல்லை, தேய்ப்பில் போனது என்று தெரிந்திருக்கும். விசாரணையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவருக்கு. மெதுவாகச் சொன்னார், “கயித்த நான் இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டியிருக்கணும்மா. மெலிசா இருந்தா அழகா இருக்கும்னு விட்டுட்டேன். நீங்க மனச போட்டு வருத்திக்காதீங்க.” அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வாசலிலிருந்து வந்து குழாயடியில் கையில் ஒட்டியிருந்த அட்டைப் பசையைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் நின்று முதுகைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன், முகத்தைப் பார்த்தால் வந்திருக்காது. முதலில் சிரித்தார். நீயா என்றார். பிறகு, அந்த ஆளைக் காப்பாற்ற உங்கள் ஆபீசில் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்களா என்று கேட்டார். இல்லை, நான்தான் என்று அச்சு எப்படி வரும், எப்படி ஊதுவோம் எல்லாவற்றையும் இதில் எழுதியதுபோலவே சொன்னேன், விசாரணையில் போய்ச் சொல்லப் போவதையும் சொன்னேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தவில்லை. தெரிஞ்சா செஞ்சே என்று கேட்டார். தெரியாமத்தான் என்றேன். “தெரிஞ்சு செஞ்சிருந்தா உன்கிட்ட சண்டையாவது போடுவேன். தெரியாம செஞ்சதுக்கு நான் யார்கிட்ட போய் கத்தறது.” இதைச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனவர்தான், ராத்திரி மீசைக்காரர் வீட்டில் தங்கிவிட்டார் என்று அவர் மருமகள் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கூட்டத்திலேயே உன் அப்பாவுக்கு மிகவும் நெருக்கம் மீசைக்காரர்தான், அன்றைக்குக் கயிற்றில் அவருக்குப் பின்னால் நின்றவர்.

நாளை விசாரணையில் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போய் நிற்கப் போகிறேன். வேலை போகும், போகட்டும் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் பொய் சொல்லக் கூடாது. அந்த அறையைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. அதைவிடப் பெரிய பயம், யாரும் நம்ப மாட்டார்கள். உன் அப்பாவே முதலில் நம்பவில்லை. ஒரு அப்பாவிப் பொம்பளையை முன்னால் தள்ளிவிட்டுப் பெரிய ஆட்கள் ஒளிந்துகொள்கிறார்கள் என்று உன் நண்பர்களே எழுதுவார்கள். எல்லாருக்கும் ஒரு குற்றவாளி வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு தவறு. அதை நீட்டினால் யார் வாங்கிக்கொள்வார்கள். இரவெல்லாம் இதையே யோசித்தேன். சதி என்றால் அதில் ஒரு மதிப்பு இருக்கிறது, நம்மைப் பார்த்து யாரோ பயந்து கயிற்றை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். யாரும் எதையும் நினைக்கவில்லை, ஒருத்தி சுத்தம் செய்தாள் என்றால், உன் அப்பா அத்தனை நாள் வெயிலில் நின்றது எதற்கு. அதை அவரிடமிருந்து எடுப்பதும் நான்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்க்காதே என்று சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன் அல்லவா, அது உண்மைதான், ஆனால் எழுச்சிக்கான நாணயம் என்று எனக்குத் தெரியும். அதில் உன் அப்பா இருக்கிறாரா என்று ஒருமுறையாவது தலையைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றவில்லை. வேலை என்று நினைத்தேன்.

இதோ, நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. உன் அப்பா வந்தார். தாளைக் கையால் மறைத்தேன், மறைத்ததைப் பார்த்தார். சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டே, அவங்ககிட்ட சொல்லிட்டேன் என்றார். யாரிடம் என்று கேட்கத் தேவையில்லை. என்ன சொன்னார்கள் என்றேன். ஒண்ணும் சொல்லல, மீசை மட்டும் எந்திரிச்சு உள்ள போயிட்டான் என்றார். மீசைக்காரர் எழுந்து போனார் என்றால் அவருடைய வீட்டிலேயே இவரைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார். விடியும்வரை இவர் அந்தக் கூடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. கை கழுவி வந்து, நாளைக்கு எத்தனை மணிக்கு என்றார். பத்து என்றேன். “பின்வாசல் வேண்டாம். முன்வாசல் வழியா வா. நாங்க அங்கதான் நிப்போம்.” எதற்கு என்று கேட்டேன். படுத்துவிட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு. தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிகிறது. அவர் என்னோடு நடந்து உள்ளே வரப் போகிறாரா, இல்லை மற்றவர்களோடு நின்று பார்க்கப் போகிறாரா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியுமா என்பதும் தெரியவில்லை. எதுவானாலும் முன்வாசல் வழியாகத்தான் போகப் போகிறேன். நீல நிறப் பருத்திப் புடவையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். வெறும் கையோடு போகாமல் ஒரு பையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், உள்ளே வைக்க ஒன்றும் இல்லை.

நீ இதைப் படித்ததும் உடனே கிளம்பி வருகிறேன் என்று ஆரம்பிக்காதே, வந்து ஒன்றும் ஆகப் போவதில்லை, உன் வேலையைப் பார். அப்பாவுக்குப் போன் செய்து அவரைத் திட்டாதே. எனக்காகவும் எதையும் எழுதாதே, என் அம்மா உழைப்பாளி, என் அம்மா ஏமாந்தவள் என்றெல்லாம் வேண்டாம், நீ எழுதினால் நன்றாக எழுதிவிடுவாய், மறுபடி எல்லார் போனிலும் ஓடும், மறுபடி யாருடைய சுவரிலாவது போய் நிற்கும். உனக்கு வந்த கோபம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தால் யாருக்கும் வரும், எனக்கும் வந்தது, என் மேலேயே. எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, உன் மனசும் கையும் சுகமாக இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக இருக்கிறோம் என்று நினைக்காதே, நான் தினமும் உன்னை நினைத்துத்தான் விளக்கை அணைக்கிறேன். அந்த இருமல் நாலு நாளில் போகாவிட்டால் டாக்டரிடம் போ, என்ன சொன்னார் என்று எனக்கு எழுது, எனக்குத் தனியாக.

ஒரே ஒரு வேலை மட்டும், இதை வாசித்து முடித்த கையோடு, மற்ற எதற்கும் முன்னால். லென்ஸ்காரரின் பெயரை எடுத்துவிடு. அவர் அப்பாவின் படத்தையும் எடுத்துவிடு. அந்த வரியை நீயாக அழித்துவிட்டுத் தப்பு நடந்துவிட்டது என்று அதே இடத்தில் எழுது. பரவினது பரவினதுதான், எல்லாம் போகாது, தெரியும், உன்னிடம் இருப்பதாவது போகட்டும். அப்படியானால் யார் செய்தது என்று கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். அப்போது என் பெயரைப் போடு. முழுப்பெயராக, உன் அம்மா என்பதையும் சேர்த்து. நான் நாளை பத்து மணிக்கு அதைச் சொல்லும்போது, எங்கேயோ ஒரு இடத்தில் அது ஏற்கெனவே எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் எனக்குக் குரல் வரும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா